வெள்ளைச் சுவரும் ஆத்தங்குடித் தரையும்: எந்த அறைக்கு எந்தச் செடி?

சோழிங்கநல்லூரில் ஒன்பதாவது மாடியில் புது வீட்டுக்குக் குடிபோன தங்கை, பால் காய்ச்சிய மறுநாளே எனக்கு ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைச் சுவர், வெளிர்மர அலமாரி, சாம்பல் நிற சோபா, அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிடில் இலை அத்தி. “அக்கா, இதே செடி வேண்டும். சென்னையில் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டிருந்தாள். அதே வாரத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து கல்லூரித் தோழி பேசினாள். அவளுடைய அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். பூட்டிக்கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் பூசி, வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிச் செடி வைக்க ஏற்பாடு நடக்கிறது. அலங்காரத்துக்கு வந்தவர் இலையே சிவப்பாக இருக்கும் அக்லோனிமா செடி நாற்பது தொட்டிகளுக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார். வைக்கலாமா என்று கேட்டாள்.

இரண்டு பேருக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தங்கையின் செடி அந்த அறையின் தோற்றத்துக்குப் பொருத்தமானது, ஆனால் அங்கே பிழைக்காது. தோழியின் செடி அந்த வீட்டு வெளிச்சத்தில் பிழைக்கும், ஆனால் வீட்டின் அழகைக் கெடுத்துவிடும். செடி தேர்வில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பதினைந்து ஆண்டுகளாக நர்சரிகளுக்குப் போய் வருகிறேன். சொந்தபந்தங்களின் வீடுகளுக்கும் செடி தேர்ந்து கொடுத்திருக்கிறேன். செடி ஓர் அறையோடு ஒட்டுவதும் ஒட்டாததும் அதன் பெயரிலோ பூவின் நிறத்திலோ இல்லை, உருவத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இலை அகலமா பொடியா, நிமிர்ந்து நிற்கிறதா வளைந்து விழுகிறதா, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே உருவமாகத் தெரிகிறதா அல்லது புகைபோலக் கலைந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அறைக்கு வேண்டிய உருவம் எது என்று முடிவானால், அந்த உருவம் கொண்ட செடிகள் மூன்று நான்காவது கிடைக்கும். அவற்றுள் எது என்பதை அந்த மூலையில் விழும் வெளிச்சம் சொல்லிவிடும்.

வெளிச்சத்தைக் கணிப்பதில் நம் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெட்டவெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். சன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்தால் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். கண்மணி விரிந்து சரிசெய்துகொள்வதால் நமக்கு அறை வெளிச்சமாகவே தெரியும். செடியோ பட்டினி கிடக்கும். அதனால் நான் செய்யும் சோதனை இது. நண்பகலில், செடி நிற்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதற்கு ஓரடி மேலே கையை நீட்ட வேண்டும். விரல்கள் தனித்தனியாக, ஓரம் கூர்மையாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிந்தாலும் ஓரம் கரைந்திருந்தால் நடுத்தரம். நிழல் என்று சொல்லும்படி ஒன்றுமே விழவில்லை என்றால், அங்கே தாக்குப்பிடிக்கும் செடிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

தங்கையின் வெள்ளை அறை

பொருள் குறைவாக, கோடுகள் நேராக, சுவர் வெறுமையாக இருக்கும் இந்தப் பாணி வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே குளிர்காலத்தில் பகல் சில மணி நேரம்தான். வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அறை முழுவதும் சிதறடிக்கத்தான் சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள், செடிகளைச் சன்னல் விளிம்பிலேயே வைத்தார்கள். நம் ஊர்க் கதை தலைகீழ். வெயில் மிகுதி என்பதால் திரை போட்டு மூடுகிறோம், அறைக்கு முன்னால் ஆழமான பால்கனி கட்டுகிறோம். தங்கை வீட்டில் பால்கனி ஐந்தடி ஆழம், மேற்குப் பார்த்தது. சோபா ஓரத்தில் தாள் வைத்துப் பார்த்தபோது பதினோரு மணிக்கு நிழல் கரைந்துதான் விழுந்தது. மாலை நாலு மணிக்கு மேல் கண்ணாடிக் கதவு வழியாகச் சாய்ந்த வெயில் ஒரு மணி நேரம் நேராக அடிக்கிறது.

இத்தகைய அறைக்கு ஒரே ஒரு பெரிய உருவம்தான் பொருந்தும். வெறும் சுவருக்கு முன்னால் பத்துச் சிறிய தொட்டிகளை வைத்தால் அந்த வெறுமையின் அழகு போய்விடும். அங்கே போட்டியிட்டவை நான்கு: ஃபிடில் இலை அத்தி, ரப்பர் செடி, பாம்புக் கற்றாழை, அரேகா பனை.

ஃபிடில் இலை அத்தி மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்தது. வயலின் வடிவில் பெரிய இலை, மெலிந்த தண்டு. படத்தில் இதைவிட அழகான செடி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குச் சன்னலை ஒட்டிய நல்ல வெளிச்சம் வேண்டும். இடம் மாற்றினால் இலை உதிர்க்கும். ஏசி காற்று நேராக அடித்தாலும் உதிர்க்கும். நீர் கூடினால் இலையில் பழுப்புத் திட்டு, குறைந்தால் ஓரம் கருகல். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், வாரம் ஐந்து நாள் மாலையில் மட்டும் ஏசி ஓடும் அறையில், அது ஒரு வருடம் கழித்து உச்சியில் ஐந்து இலைகளோடு நிற்கும் குச்சியாகிவிடும். நர்சரியில் அதன் விலை ரப்பர் செடியைப் போலப் பல மடங்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரப்பர் செடியும் அத்தி இனம்தான், ஃபைகஸ் எலாஸ்டிகா. டயர் செய்யும் ரப்பர் தருவது பிரேசிலிலிருந்து வந்த வேறு மரம். இது நம் வடகிழக்கு மலைகளுக்குச் சொந்தமானது. மேகாலயாவில் காசி மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே வளர்க்கும் வேர்ப் பாலங்கள் இந்த மரத்தின் வேர்களால் ஆனவை. வெக்கையும் மழையும் பழகிய செடி என்பதால் சென்னை அதற்கு அந்நியமில்லை. தடித்த, பளபளப்பான, நீள்வட்ட இலைகள் ஒரே தண்டில் ஏறுவதால் தூரத்திலிருந்து பார்த்தால் ஃபிடில் இலை தரும் அதே உருவம் கிடைக்கிறது. நடுத்தர வெளிச்சத்தில் வளர்ச்சி மெதுவாகுமே தவிர நிற்காது. பச்சை இலை வகையையே எடுக்க வேண்டும். கருஞ்சிவப்பு வகை வெளிச்சம் குறைந்தால் நிறம் வெளுக்கும். வெள்ளை ஓரம் போட்ட வகைக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் தேவை.

பாம்புக் கற்றாழையை ஸ்நேக் பிளான்ட் என்றால் எல்லா நர்சரியிலும் எடுத்துத் தருவார்கள். 2017 முதல் தாவரவியலாளர்கள் இதை டிரசீனா இனத்தில் சேர்த்துவிட்டார்கள். வாள்போல நிமிர்ந்த கோடு நேர்க்கோட்டு அறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு வாரம் தண்ணீர் மறந்தாலும் நிற்கும். இதைக் கொல்வதற்கு ஒரே வழி தினமும் நீர் ஊற்றுவது. குறை என்னவென்றால் உயரம். மூன்றடிக்கு மேல் அரிது, அதனால் சோபா ஓரத்தில் உட்காரும் ஆளின் தலையோடு நின்றுவிடும். டிவி மேசைக்குப் பக்கத்தில், நடைவழி முடிவில், குளியலறைக்கு வெளியே இதுதான் முதல் தேர்வு. பெரிய சுவரின் வெறுமையைத் தனியாகத் தாங்க இதனால் முடியாது.

அரேகா பனைக்குப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. உண்மையான அரேகா நம் பாக்கு மரம். நர்சரியில் அந்தப் பெயரில் விற்பது மடகாஸ்கரிலிருந்து வந்த வேறொரு பனை. வளைந்து விழும் மெல்லிய ஓலைகள், மாலை வெயிலில் வெள்ளைச் சுவரில் போடும் நிழல் கண்ணை விட்டு அகலாது. இது வைத்தால் அறை குளிர்ச்சியாகத் தெரியும், ஆனால் அந்த அறையின் நேர்த்தி தளர்ந்துவிடும். இன்னொன்று, ஓரக் கருகல். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் ஓலை நுனிகள் பழுப்பேறும். தங்கையின் அடுக்ககத்தில் லாரித் தண்ணீரும் கிணற்று நீரும் கலந்து வருகின்றன. தெருவின் எதிர்ப்பக்கம் கட்டட வேலை நடப்பதால் நாளெல்லாம் தூசி. ரப்பர் செடியின் இருபது இலைகளை ஈரத் துணியால் துடைக்க ஐந்து நிமிடம் போதும். அரேகாவின் நூற்றுக்கணக்கான கீற்றுகளைத் துடைக்க முடியாது, குளியலறைக்குத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டத்தான் வேண்டும்.

தூசியும் தண்ணீரும் இப்படி இருக்கும்போது கணக்கு எளிது. நாலடி உயரப் பச்சை ரப்பர் செடி, வெள்ளைச் சுவருக்கு வெள்ளைத் தொட்டியாக இல்லாமல் மங்கலான சாம்பல் சிமென்ட் தொட்டியில், சோபாவுக்குப் பால்கனிப் பக்கத்து ஓரத்தில். மேற்கு வெயில் அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மெல்லிய திரை போதும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இரண்டடி உள்ளே நகர்த்தச் சொன்னேன்.

கானாடுகாத்தான் வளவு

இந்த வீட்டைப் பற்றிப் பேச எனக்குப் பக்கங்கள் போதாது. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வானம் திறந்த வளவு, அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. தரையில் ஆத்தங்குடிக் கற்கள். கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, சூளையில் சுடாமல், நீரில் ஊறவைத்துக் காயவைத்துச் செய்பவை. பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று தரை முழுவதும் பூ வேலை. நிமிர்ந்தால் நிலைகளில் செதுக்கிய தேக்கு, வாசலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி.

இவ்வளவு வேலைப்பாட்டுக்கு நடுவில் சிவப்பும் இளஞ்சிவப்பும் தெளித்த அக்லோனிமாவை வைத்தால், தரை ஒரு பக்கம் கூப்பிடும், செடி ஒரு பக்கம் கூப்பிடும், பார்க்கிற கண் எதிலும் நிற்காது. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு கைவினைஞர் ஊற்றிய கோலத்தின் மேல் நாற்பது தொட்டிகளை வைத்து மறைப்பது எனக்கு மனம் வலிக்கும் காரியம். அந்த வீட்டுக்கு வேண்டியது புள்ளியோ வரியோ இல்லாத கரும்பச்சை. அதுவும் மூலைகளில் மட்டும்.

கரும்பச்சை உருவம் தரும் செடிகளில் மூன்றை எடுத்துப் பார்த்தோம்.

முதலில் பெரணி. தூணிலிருந்து தொங்கும் பெரணிக் கூடை பழைய வீடுகளின் புகைப்படங்களில் அருமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கானாடுகாத்தானிலும் செழிக்கும். பங்குனிக்கு மேல் காற்றில் ஈரம் வற்றிவிடும். தினம் இருமுறை நீர் தெளித்தாலும் கீற்றுகள் காய்ந்து தரையெல்லாம் கொட்டும். விழா சித்திரையில். பெரணி வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது அரேகா. மலிவு, உடனே ஆறடி உயரத்தில் கிடைக்கும், கல்யாண மண்டபங்களில் வாடகைக்கு வருவதும் இதுதான். தாழ்வாரத்தில் வளவின் வெளிச்சம் நன்றாக வருவதால் வளரவும் செய்யும். ஆனால் அதன் இளமஞ்சள் தண்டும் வெளிர்பச்சை ஓலையும் கரிய தேக்குத் தூண்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மெலிவாகத் தெரிகின்றன. மண்டபத்தின் ஞாபகமும் வந்துவிடுகிறது.

மூன்றாவது ராபிஸ் பனை. தெற்குச் சீனப் பகுதியிலிருந்து வந்தது, ஜப்பானில் எடோ காலத்திலேயே தொட்டிகளில் வளர்த்தார்கள். மூங்கில்போல மெலிந்த, நார் சுற்றிய தண்டுகள் கொத்தாக எழும். ஒவ்வொன்றின் நுனியிலும் விரித்த விசிறியாகக் கரும்பச்சை இலை. நம் ஊரில் பழைய பங்களாக்களின் தாழ்வாரங்களில் பெரிய தொட்டிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். அரேகாவைவிட விலை அதிகம், வளர்ச்சி ஆமை வேகம். நிழலை அரேகாவைவிட நன்றாகத் தாங்கும், உருவம் கலையாது, வருடக்கணக்கில் அதே தொட்டியில் இருக்கும். மெதுவாக வளர்வது இந்த வீட்டில் நல்ல குணம். இன்று வைத்த அளவிலேயே இன்னும் ஐந்து வருடம் தூணுக்கு இணையாக நிற்கும்.

முடிவைத் தீர்த்துவைத்தது வேறொரு கேள்வி. விழா முடிந்து எல்லாரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பிய பிறகு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் ஆள் இருப்பதில்லை. காவலுக்கு இருக்கும் ஐயா வாரம் இருமுறை வந்து பெருக்கிவிட்டுப் போகிறார். நாற்பது சிறிய தொட்டிகள் என்றால் அவருக்கும் பாரம், வெயில் காலத்தில் செடிகளுக்கும் சாவு. பெரிய தொட்டியில் மண் அதிகம், ஈரம் தங்கும். ஆகவே தாழ்வாரத்தின் நான்கு மூலைக்கும் நான்கு ராபிஸ். வானம் நேராகத் திறக்கும் வளவின் ஓரத்தில், நண்பகல் வெயிலும் மழையும் மாறி மாறி விழும் இடத்தில், கருங்கல் தொட்டிகளில் நம் நாட்டு மருள். பாம்புக் கற்றாழையின் உறவுதான் மருள். அதன் நாரில் ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் முறுக்கினார்கள். அந்த வெயிலை அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்கட்டில் இருந்த துளசி மாடத்தை யாரும் தொடவில்லை. துளசிக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

ஆத்தங்குடிக் கல்லில் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது சிமென்ட்டால் ஆனது, ஈரத்தை உறிஞ்சும். மண் தொட்டியை நேரடியாக வைத்தால் சில மாதங்களில் வெள்ளையாக உப்பு வட்டம் படிந்துவிடும், பிறகு எளிதில் போகாது. மூன்று கால் மரப்பலகை அல்லது பழைய கருங்கல் துண்டு ஒன்றின் மேல் வையுங்கள். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவிலும் தவலையிலும் செடி வைக்க எல்லாருக்கும் ஆசை உண்டு, எனக்கும் உண்டு. அடியில் துளை போடாதீர்கள். மண்ணை நேராகக் கொட்டவும் வேண்டாம். நீர் தேங்கி வேர் அழுகும், உரமும் ஈரமும் உலோகத்தை அரிக்கும், கரையும் செம்பு வேருக்கு நல்லதில்லை. செடியை அதன் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி, அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்தால் போதும்.

தேக்கும் பிரம்பும்

1950-களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அதன் அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே தேக்கும் பிரம்பும் கொண்ட நாற்காலிகளை வடிவமைத்தார். சாய்ந்த கால்கள், பின்னிய முதுகு. அந்தச் சாயலில் செய்த நாற்காலிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. புதுச்சேரியில் நான் இருக்கும் வாடகை வீட்டிலும் நான்கு இருக்கின்றன. மஞ்சள் சுவர், உயர்ந்த மெட்ராஸ் ஒட்டுக் கூரை, வடக்குச் சன்னல். நாற்காலியின் கோடுகள் மெலிந்தவை, பின்னல் பொடியானது. அதற்கு எதிராக அகலமும் துளிர்ப்பும் உள்ள ஓர் இலை நின்றால்தான் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

மான்ஸ்டெரா அந்த வேலைக்குப் பிறந்தது. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை காடுகளில் மரமேறி வளரும் கொடி இது. முதிர்ந்த இலையில் ஓரப் பிளவும் உள்ளே துளையும் இருக்கும். வடக்கு வெளிச்சம் அதற்குப் போதும். ஆனால் நாலைந்து அடி அகலத்துக்குக் கை விரிக்கும். சின்ன அறையில் ஒரு நாற்காலியின் இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஏறுவதற்குப் பாசி சுற்றிய கம்பும் அவசியம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மான்ஸ்டெரா என்று கேட்டு ஒரு நர்சரியில் நான் வாங்கிவந்தது, வீட்டில் வைத்து நாலு இலை விட்ட பிறகுதான் செல்லோ ஃபிலோடென்ட்ரான் என்று தெரிந்தது. இரண்டும் சிறியதாக இருக்கையில் குழப்பும். செல்லோவின் இலை ஓரம் ஆழமாகக் கிழிந்து அலை அலையாக இருக்கும், நடுநரம்புக்குப் பக்கத்தில் துளை ஒருபோதும் வராது. செல்லோ மட்டமான செடி இல்லை. ஆனால் அது கொடியாக ஏறாமல் தரையில் வட்டமாகப் பரவும், இன்னும் அதிக இடம் கேட்கும், வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். பெரிய முற்றமோ அகலமான திண்ணையோ உள்ளவர்களுக்கு அதையே சொல்வேன்.

இடமும் பணமும் குறைவு என்றால் கம்பில் ஏற்றிய மணி பிளான்ட் நல்ல மாற்று. தொட்டியில் உள்ளங்கை அளவில் நிற்கும் இந்தச் செடி தோட்டத்துத் தென்னையில் ஏறினால் முறம் அளவுக்கு இலை விட்டு ஓரம் கிழிந்து தொங்குவதைப் பார்த்திருப்போம். ஏறும்போது இலை பெரிதாவது அதன் இயல்பு. வீட்டுக்குள் முறம் அளவு வராது, ஆனால் ஈரமான கம்பில் ஏற்றினால் தொங்கவிடுவதைவிட இரண்டு மடங்காவது அகலும்.

மற்ற பாணிகள், சுருக்கமாக

பூசாத செங்கல், சிமென்ட் சுவர், இரும்புச் சட்டம் என்று கட்டிய அறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் குறைவு, நிறமும் மங்கல். அங்கே ஸீஸீ செடியும் பாம்புக் கற்றாழையும் மட்டும் போதும். ஸீஸீ கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி. மண்ணுக்கடியில் உருளைபோன்ற கிழங்கில் நீரைச் சேமிக்கிறது. நிழலே விழாத மூலைக்கும் நான் துணிந்து சொல்வது இது ஒன்றைத்தான். அதற்கும் மாதம் ஓரிரு முறை பால்கனி ஓர வெளிச்சம் காட்டினால் நன்றி சொல்வதுபோலப் புதுக் குருத்து விடும்.

வண்ணத் துணிகள், கைத்தறி விரிப்பு, புத்தகம், மண் பொம்மை, சுவர் நிறையப் படங்கள் என்று வாழும் அறைகளும் இருக்கின்றன. என் அலுவலகத் தோழியின் வீடு அப்படிப்பட்டது. அங்கே ஒரே பெரிய உருவம் எடுபடாது; தொங்குவதும் படர்வதுமாகப் பல சிறிய செடிகள் வேண்டும். மணி பிளான்ட்டா ஸ்பைடர் பிளான்ட்டா என்பதுதான் அவளுக்கு முன்னிருந்த கேள்வி. மணி பிளான்ட் வேகமானது, குறைந்த வெளிச்சத்திலும் கொடி நீளும். ஆனால் அவளுக்கு ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு. மணி பிளான்ட், மான்ஸ்டெரா, ஸீஸீ, பீஸ் லில்லி, அக்லோனிமா ஆகிய அத்தனையிலும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. ஊசிபோன்றவை, இலையைக் கடித்தால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கும். இவற்றில் மோசமானது டீஃபன்பேக்கியா. நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அதை நான் அனுமதிக்கவே மாட்டேன். ஸ்பைடர் பிளான்ட், பெப்பரோமியா, பெரணி, அரேகா, ராபிஸ் ஆகியவற்றால் இந்த ஆபத்து இல்லை. அவள் வீட்டில் ஆறு ஸ்பைடர் பிளான்ட்கள் வெவ்வேறு உயரத்தில் தொங்குகின்றன. ரப்பர் செடி வாங்குகிறவர்களும் நினைவில் கொள்ள வேண்டும்: இலையைக் கிள்ளினால் வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்காகச் செடி தேர்வு செய்யலாமா என்று இந்த நான்கு வீட்டிலும் கேட்டார்கள். இந்த நம்பிக்கை 1989-ல் வெளிவந்த நாசா ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. அது சிறிய, மூடிய பெட்டிகளுக்குள் செய்த சோதனை. 2019-ல் இத்தகைய சோதனைகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்றார்கள். சன்னலைத் திறந்துவையுங்கள். செடியைக் கண்ணுக்காகவும், காலையில் ஒரு புதுக் குருத்து விரிந்திருப்பதைப் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவும் வாங்குங்கள்.

கொசு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினாலே போதும், நீர்மட்டத்தை ஒட்டிய ஈர விளிம்பில் முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த தட்டிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தட்டை வெறுமனே கவிழ்த்தால் போதாது, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊறுகாய் ஜாடியிலும் கண்ணாடிப் புட்டியிலும் நீரில் வளர்க்கும் மணி பிளான்ட்டுக்கும் இதே விதி.

வாங்கும் நேரத்தைப் பற்றிக் கடைசியாக. நர்சரியில் செடி பச்சை வலைக்கடியில் நல்ல ஈரத்தில் நின்றிருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே அறையின் உள்ளே கொண்டுபோய் வைத்தால் இலை உதிரும். இரண்டு வாரம் பால்கனி நிழலில் வைத்து, பிறகு உள்ளே கொண்டுவர வேண்டும். வேர் களிமண் உருண்டைக்குள் இறுகியிருந்தால் முதல் மாதம் தொடாமல் விட்டு, பின் செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம், கொஞ்சம் ஆற்று மணல் கலந்த மண்ணுக்கு மாற்றலாம். கோடையில் வாங்குவதைத் தவிர்த்து ஆடிக் கடைசிக்குப் பிறகு வாங்கினால், வடகிழக்குப் பருவமழை வரும்போது செடி வீட்டுக்குப் பழகியிருக்கும். தங்கை ஆவணியில் வாங்கினாள். கானாடுகாத்தானில் சித்திரை விழாவுக்கான ராபிஸ் நான்கையும் தை மாதமே கொண்டுவந்து மூலைகளில் இறக்கிவிட்டோம். அந்த ஐயா திங்களும் வியாழனும் ஆளுக்கொரு வாளி ஊற்றுகிறார். நாற்பது அக்லோனிமாவின் பணத்தில் மிச்சம் இருந்ததை, தாழ்வாரத்தில் உடைந்திருந்த பதினோரு தரைக்கற்களை ஆத்தங்குடியிலேயே அதே கோலத்தில் ஊற்றி வாங்கக் கொடுத்துவிட்டாள் தோழி.